திக்கலா, யோசனையா

நம் வயசுக்காரர்களில் பாதிப் பேர் இப்போது போனிலேயே பிரிட்ஜ் ஆடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆளுக்கு ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொத்தானை அழுத்தி ஏலம் கேட்கிறீர்களாம். போன வாரம் நம் ரயில்வே காலனி குழுவில் ஒருவர், "இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது, குரலும் இல்ல, மூஞ்சியும் இல்ல" என்று பெருமையாக எழுதியிருந்தார். பதிலுக்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. எனக்கு எதிலும் சந்தேகம் என்று என் மகள் சொல்வாள். உண்மைதான். காய்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை கொடுத்தால்கூடக் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிறவள் நான். அதிலும் ஒருவருடைய கஷ்டத்தைச் சுலபமாக்கித் தருகிறேன் என்று இன்னொருவர் கிளம்பினால், எனக்கு அவர் மேல் உடனே சந்தேகம் வந்துவிடும். இந்தப் புத்தி எனக்கு வந்தது ஆறாம் வகுப்பு முடிந்த கோடை லீவில், விழுப்புரத்தில்.

ரயில்வே ஊழியர்கள் சாயங்காலம் கூடுகிற நம் இன்ஸ்டிடியூட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் லோகோ ஷெட்டின் கரித்தூள் உள்ளே வரும், மூடினால் வேகும். சீட்டாட்ட மேஜையின் பச்சைத் துணியைத் தட்டினால் கறுப்பாகப் பறக்கும். வியர்வையில் சீட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர் தூவிக் கலைப்பார்கள். இன்றைக்கும் யாராவது அந்த மாதிரிப் பவுடர் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குச் சீட்டு கலைக்கிற சத்தம் கேட்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஆடுவது. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். எந்த இனம் துருப்பு, எத்தனை பிடி எடுப்போம் என்று ஒவ்வொருவரும் முறைப்படி வாயால் சொல்ல வேண்டும். முன்னால் கேட்டவரைவிட ஏற்றிக் கேட்கலாம், இல்லையென்றால் 'பாஸ்' சொல்லிவிடலாம். எண்கள், நாலு இனத்தின் பெயர்கள், நோ ட்ரம்ப், பாஸ், டபுள் என்று மொத்தமே ஒரு கைப்பிடி வார்த்தைகள்தான். இவற்றை வைத்துத்தான் எதிரே இருப்பவருக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். குரலை ஏற்றக் கூடாது, இழுக்கக் கூடாது, கண்ணைக் காட்டக் கூடாது. ஒருவருடைய முறை வந்தால் அவர் சொல்லி முடிக்கும்வரை மற்ற மூன்று பேரும் வாயைத் திறக்கக் கூடாது.

மாமா என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை. அக்காவும் தம்பியும் திண்டிவனத்தில் வளர்ந்தவர்கள். தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்த அவர்கள் அப்பாவுக்குச் சீட்டுப் பைத்தியம். வீட்டில் நாலு கை சேர வேண்டும் என்பதற்காகவே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பாயில் உட்கார வைத்துவிடுவாராம். பி.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த மாமா, அந்தக் கோடையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் குவார்ட்டர்சுக்கு வந்து சேர்ந்தார்.

மாமாவுக்குத் திக்குவாய். சில நாள் ஒன்றுமே இருக்காது, சரளமாகப் பேசுவார். சில நாள் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு கழுத்து நரம்பு புடைக்க நிற்பார். பார்க்கிறவர்களுக்குப் பொறுக்காது. யாராவது அந்த வாக்கியத்தை முடித்துவைத்துவிடுவார்கள். பால்காரர் முடிப்பார், பக்கத்து வீட்டுப் பாயிண்ட்ஸ்மேன் முடிப்பார், நான்கூட முடிப்பேன். எல்லாரையும்விட வேகம் அம்மாதான்.

"அக்கா, ம... ம..."

"மல்லாட்டை சட்னிதானே? அரைச்சிக்கினுதான் இருக்கேன். போய் உக்காரு."

மாமா தலையாட்டுவார். அம்மா சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்திலும் கடையிலும் அவருக்காகப் பேசியே வளர்ந்தவள் அவள். தப்பாகிப்போன நாளிலும் அவர் திருத்த மாட்டார். மோர் கேட்க வந்தவர் பேசாமல் கடலைச் சட்னியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அப்பா கூட்ஸ் ரயிலில் கார்டு. இன்ஸ்டிடியூட்டின் சீட்டாட்டப் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. ஆனால் ஏலத்தில் நிதானம் கிடையாது. கையில் ஒன்றும் இல்லாமல் நாலு, அஞ்சு என்று ஏறிக்கொண்டே போவார். அவரைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டு ஜோடியாக ஆடிய டிரைவர் திருச்சிக்கு மாற்றலாகிப் போனதும், வேறு வழியில்லாமல் மாமாவைக் கூட்டிப் போனார். அடுத்த வாரமே அப்பாவுக்கு டூட்டி விழுந்தது. ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் ஆடுகிற இடம்தானே என்று அம்மா போய் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது என்று நானும் போனேன். அதோடு அப்பாவின் நாற்காலி பறிபோனது. அதற்கப்புறம் அவர் அம்மாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

அம்மா ஆடிய அந்த முதல் மாலை மாமாவின் முறை வந்தது. "டூ..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். அம்மாவின் உதடு தானாகப் பிரிந்தது. சட்டென்று பல்லால் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தன் சீட்டுகளைப் பார்த்தார். அவருக்கு ஜோடியாக ஆடியவர் சுவர் விசிறியைப் பார்த்தார். யாரும் முடித்துவைக்கவில்லை. முடித்துவைத்தால் ஆட்டம் செல்லாது. வெளியே ஓர் எஞ்சின் ஊதி அடங்கியது. "...ஸ்பேட்ஸ்" என்று மாமா தானே கரையேறினார்.

அதற்கப்புறம் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆட்டம் இருக்கிற நாளில் மத்தியானமே குளித்துவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அம்மா கிளம்புமுன் தெருமுனைக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். ஜெயிப்பதற்காக அவர் போகவில்லை என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தது அங்கே மட்டும்தான். அதற்காகப் போனார்.

ஒவ்வொரு கோடையிலும் திண்டிவனம் வக்கீல்கள் ஆடுகிற கிளப்புக்கும் எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கும் ஒரு கேடயத்துக்காகப் போட்டி நடக்கும். ஒரு ஞாயிறு இங்கே, அடுத்த ஞாயிறு அங்கே. அவர்கள் பக்கம் பெரிய ஜோடி, பொடி போடுகிற ஒரு வக்கீலும் ஒரு கண் டாக்டரும். அப்பாவுக்கு இந்த ஜோடி மேல் பழைய சந்தேகம். வக்கீல் வலது மூக்கில் பொடி போட்டால் ஹார்ட்ஸ், இடது மூக்கில் போட்டால் ஸ்பேட்ஸ் என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். ரெண்டு மூக்கிலும் போட்டால் என்ன என்று கேட்டேன். "நோ ட்ரம்ப்" என்றார், சிரிக்காமல்.

விழுப்புரத்தில் நடந்த அந்த ஞாயிறு ஆட்டத்தில் அம்மாவும் மாமாவும் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். மாமாவும் காலையிலிருந்து நன்றாகவே பேசினார். மத்தியானம் ஒரு கை வந்தது. கண் டாக்டர் எடுத்த எடுப்பில் "த்ரீ ஹார்ட்ஸ்" என்றார். அடுத்தது மாமா. "பா... பா..." அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார், நெற்றி வியர்த்தது, ஒருவழியாக "பாஸ்" வந்தது. வக்கீல் பாஸ். அம்மா தன் சீட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "த்ரீ ஸ்பேட்ஸ்" என்றாள். ஆடி முடித்தபோது சொன்ன பிடிகள் அத்தனையும் வந்திருந்தன. மாமாவின் கையில் பெரிய சீட்டுகளாக ஓர் ஆஸும் ஒரு ராஜாவும் இருந்தன.

வக்கீல் பொடி டப்பாவை மூடிவைத்தார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. கையில ஒண்ணும் இல்லாதவர் பட்டுனு பாஸ் சொல்லிடுவார். இழுத்து யோசிச்சு பாஸ் சொன்னா கையில என்னமோ இருக்குன்னு அர்த்தம். அது தெரிஞ்சுதானே நீங்க துணிஞ்சு கேட்டீங்க?"

"அவனுக்குத் திக்குவாய் சார்" என்றார் அப்பா ஸ்டூலிலிருந்து.

"காலைலேர்ந்து எத்தனையோ பாஸ் பளிச்சுனு சொன்னாரே. நான் குத்தம் சொல்லல. இது திக்கலா, யோசனையா? அதை மட்டும் தெளிவுபடுத்திட்டா போதும்."

மாமா வாயைத் திறந்தார். தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. "இப்பவும் யோசிக்கிறார் பாருங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தக் கையைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அடுத்த ஞாயிறு திண்டிவனத்தில் பேசிக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள். மாமா வீடு வரும்வரை அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. ஒரு விடியற்காலை டூட்டி முடிந்து வந்த அப்பா, கொல்லைக் குழாயடியில் பேச்சுச் சத்தம் கேட்டு நின்றார். மாமா வாளி நிரம்புவதைப் பார்த்தபடி தனக்குத் தானே ஏலம் சொல்லிக்கொண்டிருந்தார். பாஸ், டூ ஹார்ட்ஸ், டபுள், பாஸ். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. அப்பா கைவிளக்கைக்கூடக் கீழே வைக்காமல் அடுக்களைக்கு வந்தார். நானும் விழித்துக்கொண்டேன்.

"இன்னாமே, உன் தம்பி தனியா இருக்கச்சே கடகடன்னு பேசறான். நாலு பேர் முன்னாடி மட்டும் இன்னாத்துக்கு இழுக்கறான்? என்னையும் சேத்து கேனையனாக்கறீங்களா ரெண்டு பேரும்?"

"திக்கறவங்க அப்படித்தாங்க. தனியா இருந்தா திக்காது. யாரானா பாத்துக்கினு இருந்தாதான் வரும்."

"நல்லா இருக்குதே நாயம்."

அப்பா நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேரையும் வேவு பார்க்க ஆரம்பித்தேன். அம்மா வளையலை மேலே தள்ளினால் அதற்கு ஓர் அர்த்தம், மாமா டம்ளரை இடது கையில் எடுத்தால் அதற்கு ஓர் அர்த்தம். ஒரு தட்டு இட்லிக்குள் ஒரு முழு ஏலமே நடப்பதாக எனக்குத் தோன்றியது. அப்பாவின் மூக்குப்பொடி ஆராய்ச்சிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த பாஸில் திக்கல் எவ்வளவு, யோசனை எவ்வளவு என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவருடைய முதல் சொல்லிலிருந்து கேட்டு வருகிறவள். ஆனால் தெரிந்துகொண்டுதான் கேட்டாளா? பெரியவளானபின் ஒருமுறை கேட்டேன். "கையில சீட்டு இருந்துச்சு, கேட்டேன்" என்றாள். இதையும் நான் முழுசாக நம்பவில்லை. காதில் விழுந்ததை விழாதது மாதிரி எப்படி வைத்துக்கொள்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

அதே வாரத்தில் மாமா அம்மாவிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் பார்த்தேன். அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ஞா... ஞாயித்துக்கெழம..." என்றார். "அந்த வக்கீலப் பத்திதானே? நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சல்லடையைத் தட்டினாள். மாமா திரும்பிப் போனார்.

ஞாயிறு காலை பாசஞ்சரில் திண்டிவனம் போனோம். கிளப் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். உத்தரத்தில் புறாக்கள். பைண்டு செய்த சட்டப் புத்தகங்களின் பசை வாடையும் வாழைக்காய் பஜ்ஜி வாடையும் சேர்ந்து வந்தது. அப்பாவைப் பேசவிட்டால் மூக்குப்பொடி விவகாரம் வெளியே வந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் வக்கீல் அப்பா பக்கமே திரும்பவில்லை. நேராக மாமாவைப் பார்த்தார்.

"தம்பி, போன வாரம் நான் கேட்டது உங்களை. உங்க அக்காவையும் இல்ல, அவங்க வீட்டுக்காரரையும் இல்ல. நீங்களே சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, நாங்க இருக்கோம்."

அவர் வக்கீல்தனமாகத்தான் கேட்டிருப்பார், சாட்சியைக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி. ஆனாலும் காத்திருந்தார். கிளப்பில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். மாமா எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நா..." என்றார். மறுபடியும் "நா..." கழுத்து நரம்பு ஏறியது. ஒரு புறா இடம் மாறி உட்கார்ந்தது. யாரும் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வந்திருக்கும்.

அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "நான் வாயால சொல்லல, சீட்டு எழுதிக் காட்டிடறேன்னு சொல்றான் சார்" என்றாள்.

சொல்லும்போதே கைப்பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிய அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் அம்மாவின் குண்டு எழுத்தில் ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டு, ஸ்பேட்ஸ், பாஸ், டபுள். எல்லாம் இருந்தன. எப்போது வெட்டினாள், எப்போது எழுதினாள், அவரை ஒரு வார்த்தை கேட்டாளா என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"பேஷ். இதைவிட நியாயம் என்ன இருக்கு?" என்றார் வக்கீல். கண் டாக்டர் கைதட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அட்டைகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

அன்று அவர் ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் அட்டையை எடுத்து வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. போன வாரத்தைவிட நன்றாகவே ஜெயித்தார்கள். கடைசியில் வக்கீல் எழுந்து வந்து அம்மாவைக் கும்பிட்டு, "நான் சந்தேகப்பட்டது தப்பும்மா" என்றார். மாமாவின் கையையும் பிடித்துக் குலுக்கினார். திரும்பும்போது அப்பா ஸ்டேஷனில் எல்லாருக்கும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்தார். "இது சுளுவா இருக்குதில்ல மச்சான்? முன்னமே பண்ணியிருக்கலாம்" என்றார். மாமா தலையாட்டினார்.

டப்பா வீட்டுக்கும் வந்தது. மறுநாள் அம்மா இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டதற்கு மாமா 'டபுள்' அட்டையை எடுத்துக் காட்டினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். வேண்டாம் என்றால் 'பாஸ்', எத்தனை என்றால் ஓர் எண். எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அவருடைய வாக்கியத்தை முடித்துவைக்கிற வேலைகூட இல்லாமல் போயிற்று. அந்த டப்பா எந்தக் குவார்ட்டர்ஸ் மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. அதற்குள் மாமா தலையாட்டலுக்கும் கைச்சாடைக்கும் வந்துவிட்டிருந்தார். திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை கிடைத்தது. பேச வேண்டியதில்லாத வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேருக்கும் சேர்த்து அத்தையே பேசினார். இப்போது மாமா போனில் எனக்கு நீளநீளமாக எழுதுவார். அவ்வளவு கிண்டல், அவ்வளவு கதை. இதெல்லாம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வரும்.

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். மாமா பஸ் பிடித்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று கேட்டாள்.

"அன்னிக்கி கிளப்புல எழுந்து நின்னியே. இன்னாடா சொல்ல வந்தே?"

மாமா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"எழுதாதே. வாயால சொல்லு. நான் நடுவுல பேசல" என்றவள், போர்வையின் ஓரத்தை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மாமா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "த..." என்றார். நின்றார். "த..." பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த பெண் எட்டிப் பார்த்து, "தலகாணி வேணுமா பெரியவரே?" என்றாள். அம்மா கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள். போர்வையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

"தண்ணி கேக்க வந்தேங்கா. தொ... தொண்ட காஞ்சிப் போச்சி."

அம்மா போர்வையை விட்டாள். "தண்ணியா? அடப்பாவி. இத்தினி வருசமா நான் இன்னான்னாமோ நெனைச்சி மருகிக்கினு கெடந்தேன்." சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்து முனகினாள், மறுபடி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கிப்போனாள்.

நான் நம்பவில்லை. கிளப்புக்குப் போன அன்று பாசஞ்சரில் மாமாவுக்கு எதிர் சீட்டில் வந்தவள் நான். விக்கிரவாண்டியில் ஆரம்பித்து மயிலம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஏலம் இல்லை, அந்த வார்த்தைகளின் உதட்டசைவு எனக்கு அதற்குள் மனப்பாடம். இது ஒரு நீளமான வாக்கியம். முடிவுவரை போவார், திரும்ப முதலிலிருந்து வருவார். தண்ணீர் கேட்பதற்கு யாரும் அவ்வளவு ஒத்திகை பார்க்க மாட்டார்கள். வார்டில் அந்த 'த'வுக்கு முன்னால் அவர் நின்றதும் திக்கலாக எனக்குத் தோன்றவில்லை.

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாமா அம்மாவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூங்கட்டும், விடு" என்றார், கொஞ்சமும் திக்காமல்.